பெட்டியோடு வந்த ஃபேன்

கிறிஸ்டினாவின் கல்யாண வீடியோ பாதியைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

முதல் தடவை கரண்ட் போய்விட்டது என்றுதான் தீபலட்சுமி நினைத்தாள். ஆனால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை ஒயர் சரியில்லையோ என்று பிடுங்கி வேறு பிளக்கில் சொருகினாள். அதற்கும் அடுத்த தடவை திரை கறுத்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் வரவில்லை. யாராவது தட்டி எழுப்பும்வரை அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

தட்டி எழுப்ப தனம் மாடிக்கு வந்தாள். புருஷன் சுகுமாரின் அக்கா. தம்பி போனதிலிருந்து தன் வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இங்கேதான் இருக்கிறாள்.

"இன்னா லட்சுமி, கூப்ட்டுக்கினே கீறேன், காதுல வுழலயா? சவுரிமுத்து அண்ணன் வந்து கீறாரு."

கிறிஸ்டினாவின் அப்பா சவுரிமுத்து கீழே வாசல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் வாரம் ஒருமுறை இப்படி வந்து உட்கார்வார். வீடியோ என்ன ஆச்சு என்று வாய் திறந்து கேட்டதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தயங்கிப் பேசினார்.

"பொண்ணு அடுத்த மாசம் மஸ்கட் போவுதும்மா. மாப்ள விசா எடுத்துட்டாரு. அதுக்கு முன்னால வீடியோவ கைல குடுத்தனுப்பிட்டா நல்லா இருக்கும்னு வூட்ல சொல்றாங்க." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்ன அவசரப்படுத்தல. வோணும்னா அந்த டிஸ்க்க குடு, தாம்பரத்துல எதுனா ஸ்டூடியோல குடுத்து நானே முடிச்சிக்கறேன். உனுக்கும் பேஜார் இல்ல."

"இல்லண்ணா. நானே முடிச்சுத் தரேன்" என்றாள் தீபலட்சுமி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டிஸ்க்கை எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

சுகுமார் கல்யாண வீடியோ எடுப்பவன். பெரிய ஸ்டூடியோ எல்லாம் இல்லை. முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கத்து வீடுகளில் ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிடுவார்கள். அவன் ஒரு காமிரா, தீபலட்சுமி இன்னொரு காமிரா. வீட்டுக்கு வந்தபின் இருவரும் மாறிமாறி உட்கார்ந்து வெட்டுவார்கள். கிறிஸ்டினாவின் கல்யாணம் தை மாதத்தில். அன்றைக்கு தீபலட்சுமிக்குக் காய்ச்சல். கிட்டு என்று ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு சுகுமார் மட்டும் போய் எடுத்து வந்தான். பாதியை வெட்டி முடித்திருந்தான். மாசியில் ஒரு காலை அவள் காபி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனபோது அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு எல்லோரும் அவளிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மின்மயானமா, கட்டையா? போஸ்டருக்கு எந்த போட்டோ? ஊருக்குச் சொல்லி ஆள் வரட்டுமா, மதியத்துக்குள் எடுத்துவிடலாமா? அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "எது சரின்னு படுதோ செய்ங்க." அழவில்லை. அழாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. தெருப் பெண்கள் அதைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் தனம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, "அழுதுடு லட்சுமி, உள்ள வெச்சிக்காத" என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தீபலட்சுமி தேடிப் பார்த்தாள். கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் தனத்தோடு பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். அதையும் யோசித்துச் செய்யவில்லை. முதல் நாள் அங்கே படுத்தாள், அப்படியே தொடர்ந்துவிட்டது. சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் மாடி ஏறி, சுகுமார் விட்ட இடத்திலிருந்து மீதிப் பாதியை வெட்டி முடித்தாள். வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே படமாகக் கோத்து எடுக்கவேண்டும். ரெண்டர் போடுவது என்பார்கள். அந்த வேலையைக் கொடுக்கும்போதுதான் கம்ப்யூட்டர் அணைந்தது.

மறுநாள் காலை அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்கால்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் போனாள். சண்முகம் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், துணிக்கடை மாடியில் பென்னியின் கடை. சுகுமாருக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் அவன்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான்.

"இன்னாக்கா, நீங்களே தூக்கிக்கினு வந்துட்டீங்க? ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல."

"அணைஞ்சு அணைஞ்சு போகுது பென்னி. ரெண்டர் போட்டா பாதியில நிக்குது."

அவன் பெட்டியை மேஜைமேல் படுக்கவைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி, கம்பளி போலப் படிந்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு ஃபேன், அதன் அடியில் அலுமினியத் தகடுகள். பென்னி அதன் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினான். அது ஆடியது.

"இதாங்க்கா விசயம். இதுக்கு நாலு காலு. ஒண்ணு புட்டுக்கிச்சு. ப்ராசசர் மேல நல்லா அழுத்திக்கினு ஒக்காரணும், இது ஒரு பக்கம் தூக்கிக்கினு கீது. சும்மா பாட்டு கேட்டுக்கினு இருந்தா தெரியாது. ரெண்டர் மாதிரி வேலை குடுத்தா சூடு ஏறும். ஒரு அளவுக்கு மேல ஏறிச்சுன்னா அதுவே தன்ன ஆஃப் பண்ணிக்கும். இல்லாங்காட்டி வெந்துபூடும்."

"அதுவேவா ஆஃப் ஆகுது?"

"ஆமாங்க்கா. அது நல்லதுதான்." ஃபேனைக் கழற்றி ஓரமாக வைத்தான். "ப்ராசசர் வாங்குனப்ப அது பெட்டியோட வந்த ஃபேனு. கம்பெனி குடுக்கறது. அண்ணன்கிட்ட எத்தினியோ வாட்டி சொன்னேன், நீங்க வீடியோ வேலை பண்றீங்க, தனியா ஒரு கூலர் போட்டுக்கங்கன்னு. ஓடற வரைக்கும் ஓடட்டும்டான்னு சிரிச்சுக்கினே பூடுவாரு."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. தீபலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். பென்னி திரும்பி, அலமாரியின் கீழ் டிராயரை இழுத்து, பிளாஸ்டிக் கவரில் இருந்த ஒன்றை எடுத்தான். பழையதைப் போலவே வட்ட ஃபேன். கேம் விளையாடுகிற பையன்கள் பெரியது வாங்கிப் போட்டுக்கொண்டு இதை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போவார்களாம். டிராயர் நிறையக் கிடந்தது. பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் திறந்தான். அதில் இருந்தது ஒரு செங்கல் உயரத்துக்கு நின்றது. அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள், அவற்றை ஊடுருவிச் செம்புக் குழாய்கள், பக்கவாட்டில் பெரிய ஃபேன்.

"இது டவர் கூலரு. இது அந்த வட்டக் கூலரு. எது போடட்டும்க்கா?"

அவள் இரண்டையும் பார்த்தாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ போடு பென்னி."

"அப்டி சொன்னா எப்டிக்கா? சிஸ்டம் எங்க கீதுன்றத வெச்சுத்தான் சொல்ல முடியும். இன்னும் மேல சீட் ரூம்லயே தான வெச்சிருக்கீங்க?"

"ஆமா."

மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சுகுமாரின் பழைய கம்ப்யூட்டரும் டிஸ்க்குகளும் அடுத்தவர் கல்யாணங்களோடு போய்விட்டன. அந்த வீடுகளுக்கெல்லாம் அவன் ஒவ்வொன்றாக நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதன்பிறகு மாடியில் அந்த அறையைக் கட்டி, இனி இந்த வேலை எதுவும் தரையில் நடக்காது என்று வைத்துவிட்டான். சித்திரை வைகாசியில் மதியத்துக்குமேல் அங்கே உட்கார முடியாது. அவன் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வான்.

"கூலருன்னு பேருதான்க்கா" என்றான் பென்னி. "ஏசி மாதிரியெல்லாம் குளிர வெக்காது. ப்ராசசர்ல கீற சூட்ட எடுத்து ரூம் காத்துல தள்ளிவுடும், அவ்ளோதான். ரூமே அடுப்பு மாதிரி இருந்தா எங்க தள்றது? மேலயே வெச்சுக்கறதா இருந்தா டவரு போட்டாத்தான் தாங்கும். இல்ல, கீழ ஏசி ரூம்ல வெச்சுக்கறீங்கன்னா இந்தச் சின்னதே போதும். உங்க ப்ராசசருக்கு டவரு தண்டம்."

"கீழ ஏசி ரூம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

ஏசி இருந்தது படுக்கையறையில் மட்டும்தான். போன கோடையில் மாட்டியது. சாவுக்கு வந்தவன் பென்னி. அந்த அறையிலிருந்து தூக்கிவரும்போது ஒரு கை கொடுத்தவன். அவன் டவர் கூலரைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான்.

"நான் தப்பா எதுவும் சொல்லலக்கா."

"இல்ல. டவரே போடு."

அவன் அதைக் கேபினெட்டுக்குள் நிறுத்தி, பக்கத்துத் தகட்டை மேலே வைத்துப் பார்த்தான். மூடவில்லை. கூலர் ஒரு விரல் உயரம் துருத்திக்கொண்டு நின்றது. பழைய ஒல்லிக் கேபினெட். மூடாமலும் ஓட்டலாம், ஆனால் சீட் ரூமில் பல்லி விழும், தூசி விழும் என்றான். இதைவிடக் குள்ளமான டவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், நாளை மறுநாள் போகும்போது எடுத்து வந்துவிடுகிறேன் என்றான்.

"அதுவரைக்கும் சும்மா கெடக்க வேணாம், இந்தச் சின்னத மாட்டி அனுப்பறேன். பேஸ்ட்டும் புதுசா வெச்சுடறேன். வெயில் ஏறதுக்குள்ள, காலைல ரெண்டர் போடுங்க. இது அணையாது. ஆனா வெயில்ல நொண்டி அடிக்கும்."

ப்ராசசர் மேலிருந்த காய்ந்த பசையைத் துணியால் துடைத்தான். புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்தான். கூலரை அதன்மேல் உட்காரவைத்து நான்கு கால்களையும் எதிரெதிராக அழுத்தினான். நான்கு தடவை சடக் என்று கேட்டது. அவள் ஒவ்வொன்றையும் கவனித்தாள். வேறு எதையும் அவள் அப்படிக் கவனித்து நாளாகியிருந்தது.

மறுநாள் அவன் சொன்னபடிதான் நடந்தது. காலையில் ஒழுங்காக ஓடியது. பத்து மணிக்குமேல் கூரை சூடேறியதும் ஃபேன் சத்தம் கூடியது. பதினொன்றுக்கு அது அலறியது. திரையில் வேலையின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசைவதே தெரியவில்லை. அணையவும் இல்லை. தீபலட்சுமி அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியது. இன்னும் ஒருநாள் பொறுத்தால் பென்னி அந்தக் குள்ள டவரைக் கொண்டுவந்துவிடுவான். மாடியிலேயே எல்லாம் நடந்துவிடும். எதையும் நகர்த்த வேண்டாம், எந்தக் கதவையும் திறக்க வேண்டாம்.

பிறகு அவளுக்கு வேறொன்று தோன்றியது. எதுவுமே தனக்கு உறைப்பதில்லை, அந்த அறை மட்டும் என்ன செய்துவிடப் போகிறது?

ரெண்டரை நிறுத்தினாள். ஒயர்களைக் கழற்றினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த தனம் எழுந்து நின்றாள்.

"அத எங்க எடுத்துக்கினு போற?"

"ரூமுக்கு. மேல சூடு தாங்கல."

"அவன் கீழ வெக்கவே கூடாதுன்னு வெச்சிருந்தாண்டி. தண்ணி வந்தா?"

"வந்தா தூக்கிக்கலாங்க்கா."

 தனம் முறத்தை வைத்துவிட்டு வந்து படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாளை அவளே நீக்கிவிட்டாள். உள்ளே மட்டும் வரவில்லை.

அறை அறையாகத்தான் இருந்தது. மூடிக்கிடந்த வாடை. கட்டிலில் மெத்தையை யாரோ சுருட்டி வைத்திருந்தார்கள். சுவரோரம் அவனுடைய டிரைபாடு சாய்ந்திருந்தது. தீபலட்சுமி நடுவில் நின்று காத்திருந்தாள். அழுகையோ பயமோ வரும் என்று ஒரு நிமிஷம் இடம் கொடுத்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. ஜன்னல்களைத் திறந்து பெருக்கினாள். தையல் மிஷின் மேஜையை இழுத்துப் போட்டு அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்தாள். மாடியிலிருந்து திரையையும் ஸ்பீக்கரையும் தனம் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டபோது அது இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

கம்ப்யூட்டரை முடுக்கியதும் அவள் முதலில் கவனித்தது சத்தமின்மையை. அதே சின்ன ஃபேன்தான். சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ரெண்டர் போடுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதல் பாதி, சுகுமார் வெட்டியது, சரியாக இருந்தது. முழுக்கப் பாட்டு. இரண்டாம் பாதி தொடங்கியது. கிறிஸ்டினா வீட்டுப் படியில் இறங்கி வந்தாள்.

"அண்ணே, அந்த கூல்ட்ரிங்ஸ் கிரேட்ட அப்பால தள்ளுங்க. ஃப்ரேம்ல வருது."

சுகுமாரின் குரல், பாட்டுக்கு அடியில், தணிவாக. அவள் நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். அதே வார்த்தைகள். மாடியில் ஃபேன் போட்ட கூச்சலில் அவள் இதைக் கேட்காமலே வெட்டி ஒட்டியிருக்கிறாள். காமிராவின் சொந்த ஒலியை ஊமையாக்க மறந்திருக்கிறாள்.

அடுத்த துண்டில் அவன் தொண்டையைச் செருமினான். இன்னொன்றில், "கிட்டு, லைட்ட தூக்கிப் பிடிறா, தூங்காத" என்றான். சர்ச்சுக்கு உள்ளே காலி நாற்காலிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எந்தப் பாட்டிலும் இல்லாத ஒரு ராகத்தை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் குளிக்கும்போதும் அப்படித்தான் இழுப்பான். ஒரு இடத்தில் யாரோ சாப்பிடக் கூப்பிட, "முடிச்சுட்டு வரேன்ணே, நீங்க போங்க" என்றான்.

கல்யாண வீடியோவில் காமிராக்காரன் குரல் இருக்கக்கூடாது. அது அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவள் ஒவ்வொரு துண்டாகப் போய் ஒலியை அணைத்தாள். அரிசியில் கல் பொறுக்குவதைப் போல நிதானமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஒன்றை அணைத்ததும் அந்த இடத்தில் பாட்டு மட்டும் மேலெழுந்து நிரம்பியது. அணைப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் ஒருதடவை முழுக்கக் கேட்டாள். அது வேலைக்குத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாள்.

வெயில் இறங்கியபோது அவளுக்குப் பசித்தது. நேரத்துக்குத் தனம் தட்டை வைத்தால் சாப்பிடுவது, இல்லையென்றால் இல்லை என்று இருந்தவளுக்கு வயிறு தானாகக் கேட்டது விசித்திரமாக இருந்தது. சமையலறைக்குப் போய், மதியச் சோற்றில் மோர் ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டாள். தனம் ஒன்றும் கேட்காமல் ஊறுகாய் ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த நாள் பென்னி போன் செய்தான்.

"அக்கா, குள்ள டவரு வந்துச்சு. சாயங்காலம் எடுத்தாரட்டா?"

"வேணாம் பென்னி. இதே போதும். கீழ கொண்டுவந்துட்டேன்."



"சரிக்கா" என்றான். "வேற ஒருத்தன் கேட்டுக்கினு கீறான், அவனுக்கு குடுத்துடறேன். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி தூசி மட்டும் தட்டிக்கங்க. நான் வந்து தட்டித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவுரிமுத்துவும் கிறிஸ்டினாவும் நேராக வந்தார்கள். ரெண்டருக்குமுன் ஒருமுறை அவர்கள் பார்த்துவிடட்டும் என்று தீபலட்சுமிதான் வரச்சொல்லியிருந்தாள். அறைக்குள் நுழையும்போது சவுரிமுத்து செருப்பில்லாத காலை வாசற்படியில் ஒரு கணம் நிறுத்தினார். அவரும் சாவன்றைக்கு வந்தவர்தான். பிறகு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கிறிஸ்டினா நாற்காலியில். கழுத்தில் புதுத் தாலிச் சங்கிலி, கையில் ஜெப மாலை.

அவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். யார் யார் வந்தது, யார் வரவில்லை, மாப்பிள்ளையின் சித்தப்பா எப்படித் தூங்கினார் என்று பேசிக்கொண்டார்கள். சர்ச் படிக்கட்டு வந்தது. வெள்ளைப் புடவையில் கிறிஸ்டினா பூச்செண்டைப் பிடித்துக் குனிந்து நின்றாள்.

"தலைய கொஞ்சம் தூக்குமா."

திரையில் இருந்த கிறிஸ்டினா தலையைத் தூக்கினாள். நாற்காலியில் இருந்த கிறிஸ்டினாவும் தன்னையறியாமல் நிமிர்ந்தாள்.

"அவ்ளோதான். சூப்பர்" என்றது குரல்.

தீபலட்சுமி படத்தை நிறுத்தினாள். இதை எப்படி விட்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒன்றுக்கு இரண்டுமுறை பார்த்ததாகத்தான் ஞாபகம். இதைப் பார்த்தோமா, பார்த்துவிட்டுத் தாண்டிப் போனோமா என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

"தம்பி கொரலு" என்றார் சவுரிமுத்து.

கிறிஸ்டினா மாலையின் மணிகளை உருட்டினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இத எடுத்துட முடியுமா? அவங்க வூட்ல எல்லாரும் ஒக்காந்து பாப்பாங்க. ஒரு மாதிரி..."

"ஏம்மா கிறிஸ்டி" என்று சவுரிமுத்து ஆரம்பித்தார்.

"இல்லண்ணா. எடுக்க வேண்டியதுதான். நான்தான் விட்டுட்டேன்."

தீபலட்சுமி மவுசை நகர்த்தினாள். ஒரு சொடுக்கு. மறுபடி ஓட்டிக் காண்பித்தாள். கிறிஸ்டினா குனிந்து நின்றாள், யாரும் சொல்லாமலே தலையைத் தூக்கினாள், பாட்டு போய்க்கொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ரெண்டர் போட்டுவிட்டு அவர்களுக்கு டீ கொண்டுவந்தாள். பச்சைக் கோடு நிற்காமல் நகர்ந்தது. டம்ளரைக் கையில் உருட்டியபடி சவுரிமுத்து, கல்யாணத்தன்று பந்தி முடியும்வரை சுகுமார் சாப்பிடவில்லை என்றும், தானே ஒரு தட்டில் பிரியாணி எடுத்துப்போய்க் கொடுத்ததாகவும், காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவாக்கிலேயே தின்றான் என்றும் சொன்னார். "லெக் பீஸ் ரெண்டு வெச்சேன். ஒண்ணு போதும்னு திருப்பி வெச்சிட்டான்." தீபலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவன் வந்து கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று யோசித்தாள். தனக்குக் காய்ச்சல், சீக்கிரம் தூங்கிவிட்டோம் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

கோடு முடிவுக்கு வந்து நின்றது. அணையாமல், திணறாமல் முடிந்திருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். கிறிஸ்டினா அதை வாங்கிக்கொண்டு அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் மெதுவாக.

"எதுக்கும்மா. நல்லபடியா போய்ட்டு வா."

அவர்கள் போனபிறகு அடுத்த டிஸ்க்கை மாட்டினாள். இன்னும் இரண்டு வீட்டு விசேஷங்கள் வெட்டாமல் கிடந்தன. ஒன்று வளைகாப்பு. அதில் இரண்டாவது காமிரா அவள் எடுத்தது.

அந்த வாரத்தின் நடுவில், மதியம், மேஜைமேலிருந்த சுகுமாரின் போன் அடித்தது. அவன் நம்பரை அவள் ரீசார்ஜ் செய்தே வைத்திருந்தாள். இதுவரை வந்த அழைப்புகளைத் தனம்தான் எடுத்துப் பேசியிருந்தாள். அப்போது தனம் குழாயடியில் இருந்தாள்.

"அண்ணன் இருக்காராமா?" ஒரு பெண் குரல். "நான் காந்திமதி பேசறேன், சிங்கப்பெருமாள் கோவில்லருந்து. பெரியவ கல்யாணம் அண்ணன்தான் எடுத்தாரு. இப்ப சின்னது வயசுக்கு வந்துட்டா, தண்ணி ஊத்தறோம்."

"இல்லங்க" என்றாள் தீபலட்சுமி.

"எங்கனா வேலையா போயிருக்காரா? அப்பறமா பண்ணட்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போனை வைத்துவிடலாம். சாயங்காலம் தனம் பேசிக்கொள்வாள். தீபலட்சுமி திரையைப் பார்த்தாள். வளைகாப்புப் பெண் கையை நீட்டியபடி நின்றிருந்தாள்.

"இறந்துட்டாருங்க. மாசில."

அந்த வார்த்தையைத் தன் வாயால் அவள் அதற்குமுன் யாரிடமும் சொல்லியதில்லை. சொன்னபிறகு அது அறையில் சும்மா இருந்தது. மறுமுனையில் காந்திமதி "அய்யோ" என்றாள், பிறகு அழ ஆரம்பித்தாள். ஒரு கல்யாணத்தில் இரண்டே நாள் பழகிய ஒருத்தி, விசும்பி விசும்பி அழுதாள். நல்ல மனுஷன், என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாரே என்றாள். தீபலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று இருந்தாள்.

"அழாதீங்க" என்றாள் கடைசியில். "உங்க விசேஷம் என்னிக்கு?"

காந்திமதி மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை. நீங்க... யாரனா அனுப்புவீங்களா?"

"நான் வரேன். நானும் எடுப்பேன். எந்த மண்டபம்?"

மண்டபத்தின் பெயரையும் வழியையும் கேட்டுக்கொண்டாள். காலை எத்தனை மணிக்கு நலங்கு, தட்டு வரிசை எந்தப் பக்கத்திலிருந்து வரும், மேடையில் வெளிச்சம் எப்படி என்றெல்லாம் கேட்டாள். கேட்கவேண்டியவை ஒவ்வொன்றாகத் தாமாக வந்தன.

போனை வைத்தபோது தனம் ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு?"

"சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு ஃபங்ஷனு. ஞாயித்துக்கெழமை."

"தனியாவா போவ?"

"கிட்டுவ லைட் பிடிக்கக் கூப்ட்டுக்கறேன்."

தனம் அவள் முகத்தையே பார்த்தாள். "இன்னாடி, கொரலு ஒரு மாதிரி கீது?"

தீபலட்சுமி விழுங்கிப் பார்த்தாள். தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு வலித்தது. காது வரைக்கும் வலித்தது.

"ஏசில ஒக்காந்து சளி பிடிச்சிருக்கும்" என்றாள்.

எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். தனம் பின்னாலேயே வந்து, அதில் கொஞ்சம் சீரகம் போட்டாள். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.